நாயின் பங்கு

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடைச் சாமான் துண்டும், அம்மாவுக்குப் போட்ட நாலு தபாலும்தான். பிழைகள் இருக்கும். எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதும் இப்போது தடுமாறுகிறது. வாசிகசாலைப் பிள்ளைகள் வந்து, குடியேறின காலத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்டார்கள். காடு வெட்டினது, வாய்க்கால் வந்தது எல்லாவற்றையும் ஆம்பிளைகள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு நாயும், அதோடு நடந்த நடையும், என் குசினியும்தான். அதைத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணம் முடிந்த கையோடு முரசுமோட்டைப் பக்கம் வந்தோம். குடியேற்றத் திட்டத்தில் என் கணவருக்கு வயற்காணியும், வீடு கட்ட மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன. யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த வீட்டில் வேலிக்கு வேலி ஆட்கள். அடுத்த வீட்டில் தேங்காய் துருவினால் எங்கள் வீட்டில் கேட்கும். இங்கே அடுத்த வீடு என்றால் வயலுக்கு அப்பால் தெரிகிற ஒரு கூரை. அந்த வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கையசைப்பாள். நானும் அசைப்பேன். கத்தினாலும் கேட்காத தூரம். நானோ பக்கத்தில் இருந்தாலே வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள்.

என் கணவர் நல்ல மனிதர். பேச்சுத்தான் இல்லை. பேசினாலும் நெல்லும் தண்ணீரும்தான். பயிர் வளருகிற காலத்தில் பன்றி வந்து கிளறிவிடும் என்று, பொழுது சாயுமுன்னே தூக்குச்சட்டியில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வயலில் இருக்கிற காவல் கொட்டிலுக்குப் போய்விடுவார். விடிந்த பிறகு வந்து குளித்துவிட்டுப் படுப்பார். நான் சத்தம் போடாமல் வேலை செய்வேன். சட்டி எப்போதும் வழித்துத் துடைத்தாற்போல வெறுமையாக வரும். அதைப் பார்த்தால் எனக்குத் திருப்தி. நான் இங்கே தனிய, அவர் அங்கே தனிய, ஆனாலும் என் சமையலை விரும்பிச் சாப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

சமையலில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அம்மா வீட்டில் பெரிய குடும்பத்துக்கு உலை வைத்த கை, இங்கே இரண்டு பேருக்கும் அதே அளவு அரிசியைத்தான் அள்ளும். சுண்டுப் பேணியால் அளந்தாலும், கடைசியில் ஒரு பிடி தானாக விழும். சோறு மிஞ்சும். கத்தரிக்காய்ப் பால்கறி மிஞ்சும். சொதி மிஞ்சும். யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று மூடி வைப்பேன். யாரும் வரமாட்டார்கள்.

வந்தது அந்த நாய்தான். ஒரு மத்தியானம் சொதி இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். படலைக்கு வெளியே மண்ணிறத்தில் நெட்டைக்கால் நாய் ஒன்று நின்றது. ஒரு காது பாதியில் கிழிந்திருந்தது. காட்டுப்பன்றியின் கொம்புப்பல் கிழித்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். குரைக்கவில்லை, வாலாட்டவுமில்லை. மணம் பிடித்து வந்திருக்கிறது என்று விளங்கியது. சோற்றில் சொதி விட்டுக் குழைத்து, ஒரு சிரட்டையில் வைத்தேன். ஆறுகிற வரைக்கும் காத்திருந்து சாப்பிட்டது. அடுத்த நாளும் உலை கொதிக்கிற நேரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே அந்தக் கடைசிப் பிடியைப் போடத் தொடங்கினேன்.

நடை தொடங்கியது அதனால்தான். ஒரு பின்னேரம் அது எழும்பிப் படலைக்கு வெளியே போய், நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் படலை வரைக்கும் போனேன். இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பவும் பார்த்தது. அப்படியே வாய்க்கால் கட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதுவரைக்கும் நான் தனிய வெளிக்கிட்டதே இல்லை. கரடி நிற்கும், யானை வரும், புடையன் பாம்பு கிடக்கும் என்று என் கணவர் வந்த அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார். நாய் முன்னால் போனதால் எனக்குப் பயம் வரவில்லை.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதுதான் வேலை. கணவர் காவலுக்குப் போனதும் குசினியைக் கூட்டிவிட்டு வெளிக்கிடுவேன். கட்டின் ஒரு பக்கம் ஓடுகிற தண்ணீர், மற்றப் பக்கம் வயல். போகப்போக மருதமரங்கள். அவற்றின் வேர் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். அதற்கும் அப்பால் காட்டோரம். அங்கே பாலைமரங்களின் கீழே நின்று திரும்புவோம். வழியில் ஏதாவது கிடந்தால் நாய் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்றுவிடும். நானும் நிற்பேன். அது காலை ஊன்றினால் நானும் நடப்பேன். அதோடு கதைக்கவும் பழகினேன். கத்தரிப் பூ உதிருகிறதைச் சொன்னேன். கல்யாணம் முடித்து இரண்டாவது மழையும் வந்துவிட்டது, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பதையும் அதற்குத்தான் முதலில் சொன்னேன்.

பொழுது படுகிற நேரம் என்னைப் படலையில் விட்டுவிட்டு, வாய்க்காலைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடும். அங்கே திட்டம் வருவதற்கு முந்தியே இருந்த பழைய ஊர். அங்கே யாரோ ஒருவருடைய நாய் என்று மட்டும் தெரியும். பிறத்தியார் நாய்க்குப் பெயர் வைக்கலாமோ என்று, நான் பெயர் வைக்கவில்லை. "வா" என்பேன். வரும்.

நெல் முற்றுகிற காலத்தில் ஒரு காலை, அந்தப் பழைய ஊரிலிருந்து ஒரு மனிதர் வந்தார். தோளில் வேட்டைத் துவக்கு. கையில் தாமரை இலையில் சுற்றின பொட்டலம். என் கணவர் அன்றைக்குக் காணி அலுவலாகக் கிராம விதானையிடம் போயிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் படலைக்கு வெளியே நின்று, பங்கு கொண்டுவந்திருப்பதாகச் சொல்லிப் பொட்டலத்தைப் படலைக் கட்டையின் மேல் வைத்தார். இலையின் ஓரத்தால் இரத்தம் கசிந்தது.

நாங்கள் தலைமுறையாகச் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. என்ன பங்கு, எதற்குப் பங்கு என்று கேட்டிருக்கலாம். கூச்சம். முன்பின் தெரியாத ஆம்பிளையோடு கதையை வளர்க்காமல் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

"நாங்கள் மச்சம் புழங்கிறேல்லை. வேண்டாம்," என்றேன்.

அவர் உடனே எடுக்கவில்லை. நின்று என் வளவைப் பார்த்தார். தேசிமரத்தின் கீழே நாய் படுத்திருந்தது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ பிள்ளை?"

"ஓம். கொண்டுபோங்கோ."

"சரி. பிறகு என்னிலை குறை சொல்லக்கூடாது."

பொட்டலத்தை எடுத்தார். சீழ்க்கை அடித்தார். நாய் எழும்பி என்னை ஒருக்கால் பார்த்தது, அவரை ஒருக்கால் பார்த்தது. அவர் இன்னொரு தரம் சீழ்க்கை அடித்ததும் பின்னால் போய்விட்டது. நான் மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து படலைக் கட்டையைக் கழுவினேன். கழுவிவிட்டு வழக்கம்போல ஒரு பிடி கூடப் போட்டு உலை வைத்தேன்.

நாய் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குழைத்து வைத்த சோற்றைக் காகம் தின்றது. ஒரு பின்னேரம் பொறுக்க முடியாமல் தனிய வெளிக்கிட்டேன். மருதமரங்கள் வரைக்கும் போயிருப்பேன். பற்றைக்குள் ஏதோ சரசரத்தது. முன்னங்காலைத் தூக்கிக் காட்ட யாருமில்லை. நிற்பதா ஓடுவதா என்று தெரியாமல் ஓடினேன். உடும்பாகத்தான் இருந்திருக்கும். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. அதை எடுக்கக்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு படலையோடு என் உலகம் முடிந்தது.

கணவரிடம் சொன்னேன். "போனால் போகட்டும். ஒரு குட்டி பாத்துக் கொண்டுவாறன்," என்றார். குட்டி எப்போது வளர்ந்து, எப்போது என்னைக் காட்டோரம் கூட்டிக்கொண்டு போகும்? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் அதைக் கவனித்திருக்கிறார் போலும். அறுவடை முடிந்ததும், கொஞ்ச நாள் அம்மா வீட்டில் நின்றுவிட்டு வா என்று அவரே கொண்டுபோய் விட்டார்.

ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வருஷப்பிறப்பு வரைக்கும் நிற்கலாம் என்று எண்ணியிருந்தேன். அம்மா பாலப்பம் சுட்டா. பலாக்கொட்டைக் கறி வைத்தா. என்னைச் சமைக்க விடவில்லை. வீட்டில் எப்போதும் ஆட்கள். ஆனால் எல்லோருக்கும் என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. ஏதும் விசேஷமோ? இல்லை என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்கள் கதைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு பின்னேரம் சீலையைச் சரிசெய்துகொண்டு படலைக்குப் போனேன்.

"எங்கை வெளிக்கிடுறாய்?" என்றா அம்மா.

"சும்மா, நடந்திட்டு வரப்போறன்."

"சும்மாவோ? சும்மா நடக்க உனக்கென்ன விசரே? கோயிலுக்கெண்டால் கோயிலுக்கெண்டு சொல்லு."

கோயிலுக்கு என்று சொல்லித்தான் போனேன். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆளுயர வேலி. வேலிக்கு மேலால் ஒவ்வொரு முகமாக எழும்பி, எங்கே போகிறாய், எப்போது வந்தாய், மாப்பிள்ளை வரவில்லையோ என்று கேட்டது. கோயில் வரைக்கும் போகவில்லை. அன்றைக்கு இரவு அத்தனை பேர் மூச்சுவிடுகிற வீட்டில் படுத்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரின் சத்தத்தைத் தேடினேன். வருஷப்பிறப்புக்கு முந்தியே போகப்போகிறேன் என்றேன். அம்மாவுக்குக் கோபம். தமையன் கொண்டக்டரிடம் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார்.

பரந்தனில் பஸ் மாற வேண்டும். அங்கே மரநிழலில் ஒரு பெரிய உடம்புக்காரி சாக்குப் பையின் மேல் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தா. என்னை மேலும் கீழும் பார்த்தா.

"நீ அந்த மேட்டுக்காணியிலை இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளையல்லோ?"

ஓம் என்றேன்.

"எங்கடை நாயை வேண்டாமெண்டு கலைச்சுவிட்டவள்."

துவக்கோடு வந்த மனிதரின் பெண்சாதி என்று விளங்கியது. வாழ்க்கையில் முதல்தரமாக, தெரியாத ஒருவரோடு எதிர்த்துக் கதைத்தேன்.

"நான் கலைக்கேல்லை. அவர்தான் கூட்டிக்கொண்டு போனவர். நான் இறைச்சியைத்தான் வேண்டாமெண்டனான்."

அவ வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினா. பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தா. சிரித்து முடித்துத்தான் விளக்கம் சொன்னா. அவர்கள் ஊரில் பன்றியோ மரைமானோ வேட்டையில் விழுந்தால் துவக்குக்கு ஒரு பங்கு, கூடப் போனவர்களுக்குப் பங்கு, மறித்துக் கொடுத்த நாய்க்கும் ஒரு பங்கு. நாயின் பங்கு, அந்த நாய் எந்த வீட்டில் தின்கிறதோ அந்த வீட்டுக்குப் போகும். என் வீட்டில் தின்கிறபடியால் என் வீட்டுக்கு வந்தது. அதைத் திருப்பிவிட்டால், இந்த நாய்க்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஊருக்குச் சொன்னது மாதிரி.

"மனிசன் திருப்பியும் கேட்டவராம். கொண்டுபோங்கோ எண்டு நீ சொன்னியாம். வேண்டாமெண்ட வீட்டு வாசல்லை தன்ரை நாய் நிக்கக்கூடாதெண்டு கட்டி வைச்சிருக்கிறார். கட்டி என்ன? அது திண்டாத்தானே. சொதி விட்டுக் குழைச்சுக் குடுத்துக் கெடுத்துப்போட்டாய். எங்கடை கஞ்சியை மூக்காலை மணந்துபோட்டு மற்றப்பக்கம் திரும்பிப் படுக்குது, மாப்பிள்ளை மாதிரி."

எனக்கு அழுகை வந்தது. சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இனி என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"அடுத்த பங்கை வாங்கு. கதவுக்குப் பின்னாலை நிண்டில்லை, வந்து கையாலை வாங்கு. வாங்கினதை எறியாதை. அடுப்பிலை ஏத்திச் சமைச்சு நாய்க்கு வை. பிறகு அதை ஆரும் உன்னட்டை இருந்து பிரிக்கேலாது."

"அவர் திரும்பக் கொண்டுவருவாரோ?"

"நான் சொன்னால் கொண்டுவருவார். அந்தாளுக்குப் பன்றிக்குப் பயமில்லை. எனக்குப் பயம்."

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம், இறைச்சியை எப்படிச் சமைப்பது என்று அவ சொல்லிக்கொண்டு வந்தா. மல்லியும் மிளகாயும் கருக வறுத்து இடிக்க வேண்டும், தேங்காய்ப்பால் விடக்கூடாது, உப்பைக் கடைசியில் போட வேண்டும். நான் தலையை ஆட்டினேன். மனம் முழுக்க அம்மாவின் குசினிதான். வெங்காயம்கூட விரத நாளில் அங்கே நுழையாது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்றே நினைத்தேன்.

"குசினிக்குள்ளை வேண்டாம்," என்றார் கடைசியில். அவ்வளவுதான்.

வளவின் பின்பக்கம் விளாமரத்தின் கீழே மூன்று கல் வைத்தேன். புது மண்சட்டி ஒன்றும் அகப்பை ஒன்றும் வாங்கி, குசினிச் சாமான்களோடு சேராமல் மரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு காத்திருந்தேன். வெயில் ஏறி, குளங்கள் வற்றத் தொடங்கின காலத்தில் அவர் வந்தார். நாய் அவரோடு வரவில்லை. நான் கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, படலைக்கு வெளியே போய் இரண்டு கையையும் நீட்டினேன்.

"இப்ப வேணுமோ?" என்றார்.

"ஓம். தாங்கோ."

தாமரை இலைக்குள்ளால் சூடு கையில் தெரிந்தது. வீட்டுக்குப் போய் நாயை அவிழ்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூக்கையும் வாயையும் சீலையால் கட்டிக்கொண்டு சமைத்தேன். பரந்தனில் கண்ட அந்த அம்மா சொன்னபடியேதான் செய்தேன். ருசி பார்க்க வழியில்லை. கிண்டிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து கணவரின் குரல் கேட்டது.

"மிளகு காணாது. உள்ளியும் இடிச்சுப் போடு. மூடி அவிய விடு."

அகப்பையோடு திரும்பினேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் விளாமரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காவல் காலத்தில் பக்கத்து வயற்காரர் எல்லோரும் ஒரு கொட்டிலில் கூடுவார்களாம். தீ மூட்டி, பாட்டுப் பாடி, கொண்டுவந்ததை எல்லாம் ஒன்றாக வைத்துச் சாப்பிடுவார்களாம். என் தூக்குச்சட்டியைத் திறந்தால் இவருக்கு மிஞ்சாதாம்.

"உன்ரை கத்தரிக்காய்க் கறியை அவங்கள் எனக்கு விடமாட்டாங்கள். தாங்கள் சுட்ட இறைச்சியைத் தருவாங்கள். நான் எதைத் தின்னிறது?"

சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவரும் சிரித்தார். கல்யாணம் முடித்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதற்கு முந்தி எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அவர் போன பிறகு, சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தபோது வேறொன்று தோன்றியது. அவரும் அந்தக் கொட்டிலில் என்னைப்போலத் தனியே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் அத்தனை பின்னேரமும் கழித்தேன். அந்த நினைப்பு எனக்கு ஒரு துணையாக இருந்தது. என் கறிக்கு அங்கே எத்தனையோ பேர் பழக்கம். என்னைத்தான் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

சட்டி ஆறுவதற்குள் நாய் வந்துவிட்டது. விலா எலும்பு தெரிந்தது. கழுத்தில் கயிற்றின் தடம். வைத்த இறைச்சியை இரண்டு வாயில் முடித்தது. முடித்துவிட்டு, குசினி வாசலில் போய் நின்றுகொண்டது. சொதிச் சோறு வைத்த பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தது.

அன்றைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டபோது, எங்கே போகிறாய் என்று கணவர் கேட்டார். சும்மா என்றேன். அவர் படலையைத் திறந்துவிட்டார். வாய்க்கால் கட்டின் மேல் வெயிலுக்குப் புல்லெல்லாம் காய்ந்திருந்தது. மருதமரத்தின் கீழே என் செருப்பு கறையான் ஏறிக் கிடந்தது. நாய் அதை மணந்து பார்த்துவிட்டு முன்னால் நடந்தது. அதனிடம் கொட்டிலின் கதையைச் சொன்னேன். காட்டோரம் வரைக்கும் போனோம். பாலைமரம் பழுத்திருந்தது.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் பங்கு வந்துகொண்டிருந்தது. நானும் வாங்கிச் சமைத்தேன். செய்தி அம்மாவின் காதுக்கும் போனது. ஒருதரம் வந்தபோது, தான் குடிக்கத் தண்ணீரைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தா. நாய் பகலெல்லாம் என்னோடு இருக்கும், பின்னேரம் நடக்கும், பொழுதுபட்டால் பழையபடி வாய்க்காலைத் தாண்டிப் போய்விடும். கடைசி வரைக்கும் என் வாசலில் படுத்ததில்லை.

ஒரு மாரிகாலக் காலையில் அந்த மனிதர் பொட்டலத்தோடு வந்தார். வழமையாகப் பங்கு வருகிற நாட்களில் நாய் அவருக்கு முன்னால் ஓடிவரும். அன்றைக்கு அவர் தனிய வந்தார். பன்றி பெரியது என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். விளாமரத்தின் கீழே தீ மூட்டி, மிளகும் உள்ளியும் போட்டு, மூடி அவிய விட்டேன். இறக்கி வைத்தேன். சிரட்டையைக் கழுவி எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, இருட்டுகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். வேறு நாய்களும் வளர்த்தோம். காட்டோரம் வரைக்கும் நான் திரும்பப் போகவில்லை.

இதை வாசிக்கிற யாராவது ஒன்றைச் சரிபார்த்துச் சொன்னால் நல்லது. பரந்தனில் நான் ஏறின பஸ் முல்லைத்தீவு பஸ்ஸோ வேறு பஸ்ஸோ என்பதெல்லாம் பிழைத்தால் பரவாயில்லை. அந்தப் பங்கு வழக்கத்தைத்தான் கேட்கிறேன். நாய் தின்கிற வீட்டுக்கு என்று அந்த அம்மா சொன்னதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது எழுதும்போது, படுக்கிற வீட்டுக்கு என்று சொன்னாவோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. படுக்கிற வீட்டுக்கு என்றால், அந்த மனிதர் முதல் நாள் என் படலைக்கு வந்ததே பிழை, அது அவர்களுடைய நாய். தின்கிற வீட்டுக்கு என்றால், நான் கேட்காமலே அது முதலிலிருந்தே என்னுடையது. பழைய ஊர்க்காரர் யாராவது இருந்தால் விசாரித்து, இந்த இடத்தைத் திருத்திவிடுங்கோ.